தொட்டியைக் கடைசியில் வாங்குங்கள்: பவளமும் மீனும் சேர்ந்து வாழும் கடல்நீர்த் தொட்டிக்கு ஒரு திட்டம்

என் முதல் கடல்நீர்த் தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். சுமார் 65 லிட்டர். அந்த அளவை எப்படி முடிவு செய்தேன் என்று கேட்டால், புத்தக அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவில் அவ்வளவுதான் இடம் இருந்தது. என் மகளுக்கு நீல டேங் மீன் வேண்டும், எனக்குப் பவளம் வேண்டும். இரண்டையும் இதில் போட்டுவிடலாம் என்று நினைத்தோம். நீல டேங் முழுசாக வளர்ந்தால் 30 செ.மீ. வரை போகும் என்று அப்புறம்தான் படித்தேன். தொட்டியின் அகலமே 30. மீன் திரும்புவதற்குக்கூட இடம் கிடையாது.

நல்லவேளை, மீன் வாங்குவதற்கு முன்னால் படித்தேன். ஆனால் தொட்டி வாங்கியாகிவிட்டது, அதற்கேற்ற விளக்கும் ஸ்டாண்டும் வாங்கியாகிவிட்டது. ஒன்றரை வருடம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி வாங்கினேன். இந்த முறை எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்கியது ஒரு நோட்டு.

நோட்டு

இடப்பக்கம் உயிரின் பெயர். அதன் கீழே நான்கு வரி: முழுசாக வளர்ந்தால் எவ்வளவு நீளம், என்ன தின்னும், யாரைத் தொந்தரவு செய்யும், எவ்வளவு வெளிச்சமும் நீரோட்டமும் கேட்கும். வலப்பக்கம், அந்த நான்கு வரியால் தொட்டி எப்படி இருந்தாக வேண்டும் என்பது. கடையில் பார்க்கும் குட்டியின் அளவை எழுதாதீர்கள். மூன்று வருடம் கழித்து இருக்கப்போகும் அளவை எழுதுங்கள்.

எழுத ஆரம்பித்ததுமே பட்டியல் தானாகச் சுருங்கும். நீல டேங்குக்கு எதிரே "குறைந்தது 180 செ.மீ. நீளத் தொட்டி" என்று எழுதினேன். அவ்வளவு இடம் எங்களிடம் இல்லை, அடித்துவிட்டேன். மகள் இரண்டு நாள் பேசவில்லை. வண்ணத்துப்பூச்சி மீன்கள் பார்க்க எவ்வளவு அழகோ அவ்வளவு ஆபத்து. அவற்றில் பலவற்றுக்குப் பவளத்தின் பாலிப்தான், அதாவது பவளத்தைக் கட்டும் சின்னஞ்சிறு உயிர்தான், சாப்பாடு. டிரிகர் மீன்கள் நத்தையையும் இறாலையும் உடைத்துத் தின்னும். பெரிய ஏஞ்சல் மீன்களும் பேத்தை மீன்களும் பவளத்தைக் கடித்துப் பார்க்காமல் விடாது. குட்டை ஏஞ்சல் வகை ஒரு சூதாட்டம்: ஒன்று ஆயுள் முழுக்கச் சாதுவாக இருக்கும், அதே இனத்தில் இன்னொன்று வந்த மறுவாரமே பவளத்தின் சதையைக் கொறிக்கும். நான் சூதாடவில்லை.

கடைசியில் நின்றவை இவை: ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் ஒரு ஜோடி, ராயல் கிராமா ஒன்று, ஃபயர் ஃபிஷ் ஒன்று, வாட்ச்மேன் கோபியும் அதன் வளையைத் தோண்டித் தரும் பிஸ்டல் இறாலும், பாசி மேய்வதற்கு டோமினி டேங் ஒன்று. டோமினி 15 செ.மீ. அளவோடு நின்றுவிடும், 120 செ.மீ. தொட்டியில் நீந்த இடம் போதும்.

கோமாளி மீன் வாங்கும்போது ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக எடுங்கள். எல்லாமே ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஒரே அளவில் இரண்டு எடுத்தால் யார் பெண் என்று முடிவாகும் வரை சண்டைதான். தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த கோமாளிகள் எளிதாகக் கிடைக்கின்றன. கடலில் பிடித்ததைவிட இவை தீனிக்குச் சீக்கிரம் பழகும்.

கோமாளி என்றதும், கடலில் அது குடியிருக்கும், கொட்டும் இழைகள் உள்ள அனிமோன் என்ற உயிரையும் எல்லோரும் கேட்பார்கள். என் நோட்டில் அதுவும் அடிக்கப்பட்டது. அனிமோன் ஓர் இடத்தில் நிற்காது. வெளிச்சம் பிடிக்காவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி, போகிற வழியில் உள்ள பவளத்தையெல்லாம் கொட்டிக்கொண்டே போகும். நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்பான வேவ்மேக்கரில் சிக்கினால் அரைபட்டு மொத்தத் தண்ணீரையும் கெடுக்கும். அனிமோன் இல்லாமலும் கோமாளி மீன் நிம்மதியாக வாழும்.

பவளங்களுக்கும் இதே கணக்குத்தான். பவளக்காரர்கள் மூன்று பிரிவாகப் பேசுவார்கள். மென்பவளங்கள், பெரிய பாலிப் உள்ள கல்பவளங்கள், அதாவது எல்பிஎஸ், சின்னப் பாலிப் உள்ள கல்பவளங்கள், அதாவது எஸ்பிஎஸ். காளான், லெதர், சோவாந்திட் எல்லாம் முதல் பிரிவில் சேரும். ஹேமர், டார்ச், டங்கன் போன்றவை எல்பிஎஸ். அக்ரோபோரா, மாண்டிபோரா போன்றவை எஸ்பிஎஸ். மூன்றையும் ஒரே தொட்டியில் வைக்கலாம்தான், ஆனால் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் திருப்தி தர முடியாது. லெதர் பவளம் தண்ணீரில் விடும் ரசாயனம் அக்ரோபோராவுக்கு ஆகாது. டார்ச்சும் கேலக்ஸியாவும் ராத்திரியில் நீளமான கொட்டு இழைகளை நீட்டிப் பக்கத்து வீட்டுக்காரரைச் சுட்டுவிடும். அவற்றுக்கும் அடுத்த பவளத்துக்கும் நடுவே 15 செ.மீ. காலி இடம் விட்டு வரைபடம் போட்டேன். இப்போது அது தாராளம் என்று தோன்றவில்லை, 20 விட்டிருக்கலாம். ஸீனியா, பச்சை ஸ்டார் பாலிப் இரண்டும் களை மாதிரி பரவும். வைப்பதென்றால் தனிப் பாறையில், மணலுக்கு நடுவே தீவாக வையுங்கள்.

சோவாந்திட், பாலிதோவா பற்றிப் பயமுறுத்தியே தீருவேன். இவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற மிகக் கொடிய நச்சு இருக்கிறது. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இவை ஒட்டியிருக்கும் பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரிலோ கொதிக்கும் நீரிலோ போடவே கூடாது. ஆவியோடு நச்சு மூச்சில் ஏறும். வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

பட்டியல் போடும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். கல்பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2ஆம் பட்டியலில் உள்ளவை. நாட்டுக்கு நாடு இதற்கு மேலும் சட்டம் உண்டு. சில இடங்களில் பவளத்தை வைத்திருப்பதே குற்றம். உங்கள் ஊர்ச் சட்டம் எதை அனுமதிக்கிறதோ அதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். வளர்ப்பில் வெட்டி ஒட்டி எடுத்த துண்டுகளையே வாங்குங்கள். கடற்கரையில் கிடைத்தது என்று எதையும் தூக்கி வராதீர்கள்.

மீன் இல்லாத 76 நாட்கள்

மீனும் பவளமும் ஒரே தொட்டியில் என்பதில் உள்ள சிக்கல் இதுதான்: மீனுக்குத் தீனி வேண்டும், தீனி அழுக்காகும், அழுக்கு பவளத்துக்கு ஆகாது. இப்படித்தான் நானும் படித்திருந்தேன். அதனால் தண்ணீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தொட்டியின் எட்டாவது மாதம் டோமினி டேங் வந்தது. ஆரோக்கியமாகத் தெரிந்ததால் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்காமல் நேராக விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் அதன் துடுப்பில் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. கடல்நீர் வெண்புள்ளி நோய், கிரிப்டோகாரியன் என்னும் ஒட்டுண்ணி. கிராமாவும் ஃபயர் ஃபிஷ்ஷும் போயின. மிச்சத்தைப் பிடித்து வேறு தொட்டியில் போட்டு மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. பவளத் தொட்டியிலேயே மருந்து ஊற்ற முடியாது. இந்த நோய்க்குப் பயன்படும் தாமிர மருந்து இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொன்றுவிடும். ஒட்டுண்ணி பட்டினியால் சாகும்வரை பெரிய தொட்டியை மீன் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். வழக்கமாகச் சொல்லும் கணக்கு 76 நாள்.

மீன் இல்லை, தீனி இல்லை, பவளங்களுக்குக் கொண்டாட்டம் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம், தீனியும் கழிவும் சிதைந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட்டும் பூஜ்யம். ஹேமரின் பச்சை வெளுத்துக் கண்ணாடி மாதிரி ஆனது. மணல்மேல் பழுப்பு நிறத்தில், குமிழி கோத்த சளி போல ஒன்று படர்ந்தது. டைனோஃப்ளாஜெல்லேட். தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாமல் போகும்போது மற்ற பாசிகள் ஒடுங்கி, இது ஆட்சிக்கு வரும்.

அப்போதுதான் புரிந்தது. பவளத்தின் உடம்புக்குள் வாழும் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசிதான் அதற்குச் சமையற்காரர். அந்தப் பாசிக்கு உரம் மீனின் கழிவு. அழுக்கு கூடினால்தான் பிரச்சினை, அழுக்கே இல்லாவிட்டால் பட்டினி. அன்றிலிருந்து நோட்டில் இலக்கை மாற்றி எழுதினேன்: நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். பூஜ்யம் வந்தால், அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைக் குறைப்பேன், தீனியைக் கூட்டுவேன். இலக்குக்கு மேலே போனால் தீனியைக் குறைப்பதற்கு முன்னால் எத்தனை மீன் வைத்திருக்கிறேன் என்று பார்ப்பேன். ஆறு மீன்தான் என் தொட்டிக்கு. ஏழாவதைக் கடையில் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்கள்தான் தடுக்கின்றன.

இப்போது தொட்டி

பட்டியல் சொன்ன அளவு 120 செ.மீ. நீளம், 60 அகலம், 50 உயரம். 360 லிட்டர். உயரத்தைவிட அகலத்துக்குச் செலவு செய்யுங்கள் என்பது என் கட்சி. 60 செ.மீ. அகலம் இருந்தால் பாறைகளை முன்னும் பின்னுமாக வைத்து நடுவே வழி விடலாம். 70 செ.மீ. உயரத் தொட்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும்; ஆனால் அடியில் விழுந்த பவளத் துண்டை எடுக்கத் தோள்பட்டை நனையும், அடிவரை வெளிச்சம் இறங்கப் பெரிய விளக்கு வேண்டும்.

எடையைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் 360 கிலோவுக்கு மேல். 12 மி.மீ. கண்ணாடி சுமார் 75 கிலோ. பாறை 30, மணல் 25. கீழே சம்ப்பில் இன்னொரு 80 லிட்டர், ஸ்டாண்ட் 60 கிலோ. ஆக 600 கிலோவைத் தாண்டுகிறது. அதுவும் முக்கால் சதுர மீட்டருக்குள். வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் கட்டப்படுபவை. அது அறை முழுவதும் பரவிய சுமைக்கான கணக்கு என்பதால் உடனே இடிந்து விழாது, ஆனால் இவ்வளவு பெரிய தொட்டியை மாடியில் வைப்பதென்றால் கட்டுமானப் பொறியாளரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். நான் கேட்டேன். நான் நினைத்திருந்த சன்னலோரம் வேண்டாம், உத்திரம் போகும் சுவரை ஒட்டி வையுங்கள் என்றார். அது வேறொரு விதத்திலும் நல்லதாகப் போயிற்று: சன்னல் வெயில் பாசியையும் சூட்டையும் கூட்டும்.

மூடி இல்லாமல் வைக்காதீர்கள். ஃபயர் ஃபிஷ் பயந்தால் மேலே தாவும். முதல் தொட்டியில் ஒன்றை நான்கு நாள் தேடினேன், ஸ்டாண்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. கண்ணாடி மூடியைவிட 6 மி.மீ. கண்ணுள்ள வலை நல்லது, காற்றும் வெளிச்சமும் உள்ளே வரும்.

சம்ப்பும் ஈரத் தரையும்

தொட்டியின் கீழே ஸ்டாண்டுக்குள் இருக்கும் இரண்டாவது தொட்டிதான் சம்ப். மேலிருந்து ஓவர்ஃப்ளோ வழியாகத் தண்ணீர் இறங்கும், ஸ்கிம்மரைக் கடந்து, ரிட்டர்ன் பம்ப் மூலம் திரும்ப மேலே போகும். சூடேற்றி, ஸ்கிம்மர், சென்சார் எல்லாம் கண்ணில் படாமல் இங்கே இருக்கும். கூடுதல் தண்ணீர் என்பதால் எந்த மாற்றமும் மெதுவாக நடக்கும்.

எல்லோரும் சம்ப்பை ஓடும்போது எப்படி இருக்கும் என்று யோசித்து வாங்குகிறார்கள். நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மின்சாரம் போனதும் பம்ப் நிற்கும்; மேலே உள்ள தண்ணீர் ரிட்டர்ன் குழாய் வழியாகவே பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் கீழே வரும். குழாயின் வாய் காற்றில் தெரியும் மட்டம் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். என் தொட்டியில் ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் 7.2 லிட்டர். ரிட்டர்ன் வாயை நான் முதலில் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே வைத்திருந்தேன். அதாவது 36 லிட்டர், குழாயிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் இருந்தது தனி. சம்ப்பில் காலி இடம் 25 லிட்டர்தான். ராத்திரி மின்சாரம் போய் வந்தபோது கூடத்தில் கால் வைத்தேன், சில்லென்றது.

திருத்தம் ரொம்ப எளிது. வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே உயர்த்தினேன், நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் ஒரு சின்னத் துளை போட்டேன். காற்று புகுந்ததும் உறிஞ்சல் அறுந்துவிடும். அந்தத் துளையை உப்பும் பாசியும் அடைத்துவிடும் என்பதால் மாதம் ஒருமுறை குத்திவிட வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள், ஒரு நத்தை உட்கார்ந்தால் அது மூடாது. தொட்டியை நிரப்பிய அன்றே, மீன் எதுவும் வருவதற்கு முன்னால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இறங்குவது நின்ற பிறகும் சம்ப்பில் ஒரு கை அளவு இடம் மிச்சம் இருக்க வேண்டும். ஓடும்போது இருக்கும் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் எப்போதும் நிரப்பாதீர்கள்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஆர்ஓ டிஐ கருவியில் வடிகட்டி, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும் தண்ணீர் வேண்டும். குடிப்பதற்கான ஆர்ஓ மட்டும் போதாது, மிச்சமுள்ள உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசின் கடைசியில் இருக்க வேண்டும். ஆறாவது மாதம் என் மீட்டர் 4 காட்டியது, பரவாயில்லை என்று விட்டேன்; இழைப்பாசி எங்கிருந்து வருகிறது என்று இரண்டு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டது அதனால்தான்.

தண்ணீரில் உப்பைப் போடுங்கள், உப்பில் தண்ணீரை ஊற்றாதீர்கள். செறிவு கூடிய இடத்தில் கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகிவிடும். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை ஆகும், உப்புக்கு உப்பு மாறும். சின்னப் பம்ப் ஒன்றைப் போட்டு ஒரு நாள் கலக்கவிட்டு அளந்து பாருங்கள். இலக்கு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்துச் சரிபார்ப்பது போதாது. 35 பிபிடி திரவம் விற்கிறார்கள், அதில் சரிபாருங்கள். வெப்பம் 25, 26 டிகிரி.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயேதான் இருக்கும். ஆகவே தினமும் ஈடுகட்ட ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். இது தெரியாதவர்கள் இல்லை. ஆனாலும் நாங்கள் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தபோது, தம்பி தினமும் 4 லிட்டர் ஊற்றினான். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு கேன். ஒன்றில் ஆர்ஓ டிஐ, இன்னொன்றில் கலந்து வைத்த கடல்நீர். அவன் எடுத்தது இரண்டாவது. ஏழு நாளில் கிட்டத்தட்ட ஒரு கிலோ உப்பு கூடுதலாக உள்ளே போய், 35 இருந்த இடத்தில் 37க்கு மேல் வந்து நின்றது. அவன்மேல் தப்பில்லை, கேனில் நான் ஒன்றும் எழுதவில்லை. இப்போது தானியங்கி நிரப்பி இருக்கிறது, கேன்களுக்கு வேறு வேறு நிற மூடியும் இருக்கிறது.

காத்திருக்கும் காலம்

பாறையை அடுக்கும்போது பசை போட்டு ஒட்டுங்கள், மணலுக்கு முன்னால் பாறையை வையுங்கள். கோபியும் இறாலும் அடியில் தோண்டும். மணல்மேல் நிற்கும் பாறை ஒரு நாள் சரியும். கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவே காந்தத் துடைப்பான் நுழைய 8 செ.மீ. விடுங்கள்.

அப்புறம் நைட்ரஜன் சுழற்சி. அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் காய்ந்த பாறையில் ஆரம்பித்து, பாட்டில் பாக்டீரியா ஊற்றி, அமோனியாவை 2 பிபிஎம் வரை சேர்த்தேன். 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே 0 ஆனால் முதல் மீனுக்குத் தயார். மீனை விட்டு அதன் கழிவில் சுழற்சியைத் தொடங்குவது பழைய வழக்கம், மீனுக்குச் சித்திரவதை.

சுழற்சி முடிந்ததும் பழுப்பு டயாட்டம் வரும், பின்னால் பச்சைப் பாசி வரும். தொட்டி அசிங்கமாக இருக்கும் மாதங்கள் இவை. டுரோக்கஸ், செரித் நத்தைகளை விட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். ரசாயனம் ஊற்ற வேண்டாம். முதல் பவளமாக லெதரோ காளானோ இரண்டாம் மாதத்தில் வரலாம். எல்பிஎஸ் நாலாம் மாதம். அக்ரோபோரா ஒரு வருடம் கழித்து வந்தாலும் தாமதமில்லை. மாண்டரின் மீனைக் கேட்கவே வேண்டாம்: பெரும்பாலானவை பாறையில் ஊரும் கோபிபாட் பூச்சிகளை மட்டுமே நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும், இளம் தொட்டியில் மெலிந்து மெலிந்து சாகும்.

மீன்களைச் சாதுவில் தொடங்கி முரட்டில் முடியுங்கள். ஃபயர் ஃபிஷ், கோபி முதலில்; டேங் கடைசியில். ஒவ்வொன்றும் தனித்தொட்டியில் நாலு வாரமாவது இருந்த பிறகு. 40 லிட்டர்த் தொட்டி, சூடேற்றி, ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு, சம்ப்பில் ஊறிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். இதைவிட மலிவான காப்பீடு இந்தப் பொழுதுபோக்கில் கிடையாது. பவளத்தையும் மருந்துநீரில் முக்கி, ஒட்டி வந்த சின்னக் கல்லைக் கழற்றிவிட்டு உள்ளே விடுங்கள். ஐப்டேசியா என்ற கண்ணாடி அனிமோன் ஒன்று வந்தால் நூறாகும்.

வெளிச்சமும் ஓட்டமும்

விளக்கின் வாட்டைப் பார்க்காதீர்கள், பார் (PAR) அளவைப் பாருங்கள், அதாவது பவளத்தின் நுண்பாசி பயன்படுத்தக்கூடிய வெளிச்சம் எவ்வளவு என்பதை. மென்பவளத்துக்கு 50 முதல் 100, எல்பிஎஸ்ஸுக்கு 75 முதல் 150, எஸ்பிஎஸ்ஸுக்கு 200 முதல் 350. பார் மீட்டர் வாங்க வேண்டியதில்லை, யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கி, பாறையின் ஒவ்வொரு மூலையிலும் அளந்து நோட்டில் படம் போட்டு எழுதுங்கள். ஒரே விளக்கின் கீழ் என் பாறையின் உச்சியில் 280, மணலில் 70. இந்த வித்தியாசம்தான் மூன்று வகைப் பவளத்தையும் ஒரே தொட்டியில் வைக்க வழி செய்கிறது. புதுப் பவளத்தைக் கீழே வைத்து, மூன்று நாலு வாரத்தில் மெல்ல மேலேற்றுங்கள். வெளிச்சம் போதாமல் பழுப்பேறின பவளம் தேறிவிடும், அதிகமாகிச் சுட்டுப்போனது தேறுவது கஷ்டம். ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும்.

ஓட்டத்துக்கு இரண்டு வேவ்மேக்கர், எதிரெதிர்ச் சுவரில். மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல் 20 மடங்கு என்றால் எனக்கு 7,200 லிட்டர். எஸ்பிஎஸ் மட்டும் இருந்தால் 40 மடங்கு வரை போகலாம். ஹேமர் காற்றில் நெற்கதிர் ஆடுவது மாதிரி ஆட வேண்டும். ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் ஓட்டம் நேராக அடிக்கிறது என்று பொருள்.

ஆல்கலினிட்டி

எல்லா எண்களிலும் எதை மட்டும் அளப்பாய் என்று கேட்டால் ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீரில் உள்ள பைகார்பனேட், கார்பனேட் இருப்பு, என்பேன். கல்பவளம் எலும்புக்கூடு கட்டக் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் தண்ணீரிலிருந்து எடுக்கிறது. முதலில் இறங்கிக் காட்டுவது ஆல்கலினிட்டிதான். அதை அளக்கும் அலகு டிகேஹெச். 1 டிகேஹெச் செலவானால் கால்சியம் 7 பிபிஎம்தான் குறையும். 420இல் 7 குறைந்தால் கிட்டில் தெரியவே தெரியாது, 8.5இல் 1 குறைந்தால் உடனே தெரியும். நான் 8 முதல் 9 வரை வைத்திருக்கிறேன். கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1,250 முதல் 1,350. எந்த எண் என்பதைவிட அது ஆடாமல் இருப்பது முக்கியம். ஒரே நாளில் 1 டிகேஹெச் ஏறி இறங்கினால் அக்ரோபோராவின் நுனி கருகும்.

வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். பவளம் சின்னதாக இருக்கும்வரை உண்மைதான். தொட்டி 7இல் இருக்கிறது, புது உப்புநீர் 9 என்று வையுங்கள். பத்தில் ஒரு பங்கு மாற்றினால் வருவது 7.2. என் பவளங்கள் ஒரு நாளைக்கு 0.3 குடிக்கின்றன, ஒரு வார மாற்றல் ஒரு நாளைக்குக்கூடப் போதவில்லை. இரண்டு நாள் இடைவெளியில், நாளின் அதே நேரத்தில் அளந்து உங்கள் தொட்டியின் குடிப்பைக் கண்டுபிடியுங்கள். மாற்றலைவிடக் குடிப்பு அதிகமானதும் அளந்து சிறிது சிறிதாக ஊற்றும் டோசிங் பம்ப்பில் இரண்டு திரவம்: ஒன்றில் கால்சியம், இன்னொன்றில் கார்பனேட். அவசரத்துக்குக் கணக்கு, 100 லிட்டருக்கு 1 டிகேஹெச் ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட். நல்ல தண்ணீரில் கரைத்து, அதையும் நாள் முழுவதும் பிரித்து ஊற்றுங்கள்.

மின்சாரம் போனால்

சூடேற்றி ஒன்று பெரிதாக வாங்காமல் இரண்டு சின்னதாக, தனிக் கன்ட்ரோலரில் மாட்டுங்கள். ஒன்று அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் தொட்டியை வேகவைக்க அதற்குச் சக்தி இருக்காது. தண்ணீர் 28ஐத் தாண்டினால் நீர்ப்பரப்பின்மேல் சின்ன மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி இறக்கிக் கொடுக்கும், ஆவியாதல் கூடுவதால் நிரப்பி அதிகம் ஓடும். அதுவும் போதாத வெயிலில் சில்லர் தேவை.

மின்சாரம் நின்றால் முதலில் தீர்வது ஆக்சிஜன். வெளிச்சம் ஒரு நாள் இல்லாவிட்டால் எதுவும் சாகாது. நீர்ப்பரப்பு அசையாவிட்டால் சில மணி நேரத்தில் மீன் மேலே வந்து வாய் திறக்கும். ஆகவே பேட்டரியில் ஓட வேண்டியது ஒரே ஒரு வேவ்மேக்கர், மற்றதெல்லாம் காத்திருக்கட்டும். நான் இல்லாதபோதும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஸ்டாண்டின் உள்கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். தம்பிக்காக எழுதியது, நாலே வரி:

மின்சாரம் போனால் தீனி போடாதே.

வலப்பக்க வேவ்மேக்கர் பேட்டரியில் ஓடுகிறதா பார். ஓடாவிட்டால் ஏர் பம்ப்பைப் போடு.

மின்சாரம் வந்ததும் சம்ப்பில் தண்ணீர் கோட்டுக்கு வந்து நிற்கும்வரை பக்கத்திலேயே இரு.

ஊற்றுவது பச்சை மூடி கேன் மட்டும்.